வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

கல்வராயன் மலை
21.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கலையரசி எழுதுவது. இங்கே நான் சுகம், மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாயா?

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால் போனில் ஒரே ஒரு கோடு வருகிறது. 'ஹலோ' சொல்வதற்குள் அதுவும் போய்விடுகிறது. அதனால் இனி நமக்குள் கடிதம்தான். நீயும் தமிழ் படிக்கப் போகிறவள், எழுதிப் பழகு.

உனக்கு எம்.ஏ. இடம் கிடைத்ததை இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா, "அம்மாவுக்கா, உனக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். அம்மாவுக்குத்தான், நாற்பத்தாறு வயசு, நேற்று வரைக்கும் கரும்பு வெட்டினவள் என்று சொன்னேன்.

ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர நினைக்காதே. நம் வீட்டில் உன்னால் படிக்கவும் முடியாது. ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் சித்தப்பா. நீயோ வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பவள். பி.ஏ.வைத் தபாலில் படித்தபோது கரும்புக்காட்டில் உட்கார்ந்து நீ கத்திய கத்து எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே கள்ளக்குறிச்சியில் ஒரு அறை எடு. கல்லூரிக்குப் பின்னால் பூங்கா நகர் என்று இருக்கிறது. மரங்கள், அகலமான தெரு, வாத்தியார்கள் குடியிருக்கும் இடம். கல்யாண மண்டபம் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஒயின் ஷாப் கூடாது, கக்கூஸ் உள்ளேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டு சாவியை வாங்கிவிடாதே. இரண்டு தடவை போய்ப் பார்.

சித்தப்பா ஆதிமூலத்திடம், "முதல் செமஸ்டர்ல ஒரு பேப்பர் போனாலும் மூட்டையைக் கட்டிகினு திரும்பி கழனிக்கே வரேன்" என்று ஊர் முன்னால் சவால் விட்டாயாமே? உன்னை யாரம்மா வாயைத் திறக்கச் சொன்னது? இனி பாஸ் பண்ணாமல் வேறு வழியில்லை.

உன் அன்பு மகள்,
கலையரசி

---

கள்ளக்குறிச்சி
5.8.2025

என் கலைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. முட்டிவலி என்னோடு கல்லூரிக்கே வருகிறது, அதையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதிவிடலாம் போலிருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ மழையில் நனையாதே. மலைக் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது.

அறை கிடைத்துவிட்டது! பூங்கா நகரில் இல்லை. அங்கே காற்றோட்டம் போதாது, வீடெல்லாம் நெருக்கம். கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடையில் வேறொரு தெரு. மாடியில் ஒரு அறை, கக்கூஸ் உள்ளேயே. பக்கீர் முகமது என்பவர் வீடு, ஆணி, போல்ட், தாழ்ப்பாள் எல்லாம் விற்கிறார். அவர் மனைவி அஸ்ரப் நிஷா தங்கமான பொம்பளை. வந்த அன்றைக்கே சேமியா கொடுத்தனுப்பினாள்.

அமைதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பார்க்கப் போனபோது தெருவில் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும். அப்படி ஒரு அமைதி. நீ கவலையே படாதே.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இப்போது எல்லாருக்கும் நான் அக்கா.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா,
கொளஞ்சியம்மாள்

---

கல்வராயன் மலை
14.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். நான் நலம். இந்த வாரம் மூன்று பிரசவம், மூன்றும் சுகப்பிரசவம்.

அமைதியான தெரு கிடைத்ததில் எனக்கு நிம்மதி. ஆனால் பூங்கா நகரில் காற்றோட்டம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, நான் நர்சிங் படித்தபோது அந்த வழியாகத்தான் நடப்பேன். புடவை பறக்கும் அளவுக்குக் காற்று வீசும். நீ உண்மையில் அங்கே போய்ப் பார்த்தாயா?

கலையரசி

---

கள்ளக்குறிச்சி
25.8.2025

என் கலைக்கு,

மூன்று பிரசவமும் நல்லபடியாக முடிந்ததற்கு நம் குலசாமிக்கு ஒரு சூடம் ஏற்றினேன்.

காற்று ஒவ்வொரு மாசம் ஒவ்வொரு மாதிரி வீசும். அதை விடு. இலக்கணம்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. பேராசிரியர் வீரமணி நல்லவர், எத்தனை தடவை கேட்டாலும் சொல்லித் தருகிறார். வீட்டில் உட்கார்ந்து நாலு தடவை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் பஞ்சு கிடைத்தால் அனுப்பு. உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்குமே. விளக்குத்திரி போடத்தான்.

அம்மா

---

கள்ளக்குறிச்சி
15.9.2025

அன்புள்ள கலையரசி அக்காவுக்கு,

நான் ருக்சார், பக்கீர் முகமதுவின் மகள், பிளஸ் டூ படிக்கிறேன். நீங்கள் நலமாக இருக்க துஆ செய்கிறோம். கவரில் இருந்து உங்கள் முகவரியை எடுத்தோம், மன்னிக்கவும். இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாதாம்.

"கலையரசிம்மா, நல்லா இருக்கியா? நான் அஸ்ரப் நிஷா. இந்தக் கடுதாசி விஷயம் உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் தலைய எடுத்துடுவாங்க.

உங்கம்மா எங்க வூட்ட பாக்க வந்தது வெள்ளிக்கிழம ஒன்னேகால் மணி. ஜும்மா நேரம். தெரு முழுக்க ஷட்டரு எறக்கிட்டு ஆம்பளைங்க எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தாங்க. அவங்களுக்கு அது எப்படித் தெரியும்? 'இவ்ளோ அமைதியா ஒரு தெருவா'ன்னு சொல்லிகினு அப்படியே படியில உக்காந்துட்டாங்க. எங்க வூட்டுக்காரரு தொழுதுட்டு வந்தாரு. 'எம்மா, நாளைக்கு ஒரு தபா வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க'ன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. உங்கம்மாவுக்கு மூஞ்சி செவந்து போச்சு. 'காலையிலேருந்து நாலு வூட்ல நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லுங்க பாய்!' இவரு பயந்துபோய் சாவிய கையில குடுத்துட்டாரு.

மறுநாள் சனிக்கிழம. எங்க தெரு இரும்புக்கடைத் தெரு, தெரியுமில்ல? இந்தப் பக்கம் ரபீக் வெல்டிங் பட்டறை, அந்தப் பக்கம் தகரப் பெட்டி அடிக்கறவரு, எதிர்ல பழைய இரும்பு. காலைல எட்டு மணிக்கு ரபீக் கட்டிங் மிஷின போட்டாரு. உங்கம்மா மாடியிலேருந்து எட்டிப் பாத்த மூஞ்சிய நான் மவுத்தாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." (இங்கே அம்மா சிரிக்கிறார். இப்போது அழுகிறார்.)

"காதுல பஞ்ச வெச்சிகினு படிக்கறாங்கம்மா. மிஷினுக்கு மேல கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. போன வாரம் காலேஜ்ல இலக்கணப் பரிச்ச. இருவத்தஞ்சுக்கு ஏழு. மாடிப்படியில உக்காந்து அழுதுகினு இருந்தாங்க. வேற எடம் பாத்துத் தரோம்னு சொன்னேன். 'இன்னொரு தபா நாலு வாசப்படி ஏறி எறங்க எனக்குத் தெம்பு இல்ல நிஷா'ன்னுட்டாங்க.

பூங்கா நகர்ல இன்னா கேட்டாங்கன்னு அவங்க சொல்லல. சொல்லணுமா இன்னா? நாங்களும் அந்தப் பக்கம் வூடு பாக்கப் போனவங்கதான். நமக்குக் கேள்விதான் வேற வேற, பதிலு ஒண்ணுதான்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுது. உங்கம்மாவுக்கு எந்த நேரத்துல படிச்சா மண்டையில ஏறும்? மத்தத நாங்க பாத்துக்கறோம். நான் எட்டாவதோட நின்னவ. என் வூட்டு மாடியில ஒருத்தி எம்.ஏ. படிக்கறா, அவ பெயிலாப் போக நான் வுட மாட்டேன்."

இப்படிக்கு,
அஸ்ரப் நிஷா (எழுதியது ருக்சார்)

---

கல்வராயன் மலை
24.9.2025

மதிப்பிற்குரிய நிஷா அம்மாவுக்கும் தங்கை ருக்சாருக்கும்,

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைச் சுகாதார நிலையத்து வாசலில் நின்று படித்தேன். மருந்து வாங்க வந்த பாப்பாத்தி என்கிற அம்மா, "இன்னா நர்சம்மா, ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை, நல்ல செய்திதான் என்றேன்.

நாலு வீட்டுப் படியையும் அம்மா தனியாக ஏறி இறங்கியிருக்கிறாள். பூங்கா நகருக்குப் போ என்று சொன்னதே நான்தான். அந்தத் தெருவில் மூன்று வருஷம் நடந்திருக்கிறேன். ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை என்பதால் எனக்கு அது நல்ல தெருவாகவே தெரிந்தது.

அம்மாவுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் படிப்பு ஏறும். வேலை முடிந்து ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை படித்துப் பழகியவள். அது உங்கள் தெரு பிழைக்கும் நேரம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டதால் எழுதினேனே தவிர, எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை. வீடு கொடுத்ததே பெரிது.

எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவளாகச் சொல்லட்டும்.

நன்றியுடன்,
கலையரசி

---

கள்ளக்குறிச்சி
14.10.2025

என் கலைக்கு,

நீ அனுப்பிய பஞ்சு வந்து சேர்ந்தது. இவ்வளவு எதற்கு? தலையணையே தைக்கலாம். தீபாவளிக்கு உனக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தாய், பரவாயில்லை. ஊசி மருந்தோடு உட்கார்ந்திருக்காமல் ஒரு முறுக்காவது வாங்கித் தின்னு.

இந்தத் தெருவில் என்னவோ நடக்கிறது. முன்பும் அமைதிதான், இல்லையென்று சொல்லவில்லை. இப்போது ஆறு மணி ஆனால் இன்னும் அமைதி. கீழே ரபீக் என்று ஒருவர் எப்போதாவது ஏதோ கம்பி வேலை செய்வார். அவர் இப்போதெல்லாம் ஆறு மணி ஆனதும் பெயிண்ட் டப்பாவைத் திறந்து கிரில்லுக்குச் சிவப்புப் பூச உட்கார்ந்துவிடுகிறார். பெட்டி செய்பவர் தகரத்துக்கு அளவு போட்டுக் கோடு கிழிக்கிறார். எதிர்க்கடை நாராயணசாமி எடைபோட்ட இரும்பை வண்டியில் எறியாமல், தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல் இறக்கி வைக்கிறார். எட்டு மணிக்கு மறுபடி வேலை ஆரம்பித்துப் பத்து மணி வரை போகிறது. நேற்று ரபீக்கிடம் கேட்டேன். "வெளிச்சம் போற நேரத்துல பெயிண்ட் அடிச்சாதான் நல்லா புடிக்கும்க்கா" என்கிறார். உனக்கு அந்த மாதிரி எதுவும் தெரியுமா?

இலக்கணம் கொஞ்சம் வழிக்கு வருகிறது. போன தேர்வில் இருபத்தைந்துக்குப் பதினான்கு. அதற்கு முந்தினது எத்தனை என்று கேட்காதே.

அம்மா

---

கல்வராயன் மலை
30.10.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பெயிண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தீபாவளி கழிந்து ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துக் குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு ஆம்புலன்சில் அனுப்பி வைத்தோம். தாயும் பிள்ளையும் நலம். வேறு விசேஷம் இல்லை.

நன்றாகப் படி. பதினான்கு போதாது.

கலையரசி

---

கள்ளக்குறிச்சி
8.12.2025

என் கலைக்கு,

தேர்வு முடிந்தது. நலமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி, கையில் ஊசியை வைத்துக்கொண்டு படிக்காதே.

நான் உன்னிடம் நான்கு மாசமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது அமைதியான தெரு இல்லை. கள்ளக்குறிச்சியிலேயே இதைவிடச் சத்தமான தெரு இருந்தால் எனக்குக் காட்டு. நான் பார்த்தது ஜும்மா நேரத்தில். மறுநாள் காலையில் என் நெஞ்சு நின்றுவிட்டது.

நவம்பர் இருபத்திநாலு, திங்கட்கிழமை இலக்கணத் தேர்வு. அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரபீக் பட்டறை பூட்டிக் கிடந்தது. ஏதோ உறவுக்காரர் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு காலையிலிருந்து கத்திக் கத்திப் படித்தேன். நேற்றுதான் ருக்சார் உளறினாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கேட் செவ்வாய்க்கிழமை கொடுத்தே ஆக வேண்டுமாம். இரும்பையும் மிஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போய், சிநேகிதர் ஒருவரின் லாரி ஷெட்டில் இரண்டு நாள் வேலை செய்திருக்கிறார். எனக்காக, கலை! அவருக்கு நான் யார்?

நேராகப் போய், "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று சண்டை பிடித்தேன். "சொல்லியிருந்தா படிக்காம இதே மாதிரி சண்டைக்கு வந்திருப்பீங்கக்கா" என்றார். அழுதுவிட்டு வந்தேன்.

பூங்கா நகரில் காற்று நன்றாகத்தான் வீசியது. முதல் வீட்டில், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். நாளைக்கு வாங்க என்றார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் நாளைக்கு வாங்க என்று சொன்ன அம்மா, குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு வெளிக்குழாயைக் காட்டினாள். நாலாவது வீட்டுக்கு நான் போயிருக்கவே வேண்டாம். உன் பேச்சைத் தட்டக் கூடாது என்றுதான் போனேன். அங்கேயும் நாளைக்கு.

உனக்கு எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மலையில் நீ எந்த வீட்டுக்குப் போனாலும் உன்னை உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்து, பிறந்த பிள்ளையை முதலில் உன் கையில் கொடுக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருக்கிற பிள்ளையிடம் இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உன் அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். வேறு யாரிடம் சொல்வேன்?

கோபப்படாதே.

அம்மா

---

கல்வராயன் மலை
19.12.2025

என் அம்மாவுக்கு,

கோபம் இல்லை. எனக்கு செப்டம்பரிலேயே தெரியும். நிஷா அம்மா எழுதினார்கள். அவர்களைத் திட்டாதே, உனக்கு எந்த நேரத்தில் படிப்பு ஏறும் என்று கேட்டுத்தான் எழுதினார்கள். நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிரசவக் கேஸை ஆம்புலன்சில் 'அனுப்பி வைத்தோம்' என்று எழுதினேன் அல்லவா? கூடவே வந்தது நான்தான். தீபாவளி கழிந்த வியாழக்கிழமை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகு வண்டி திரும்ப ஒரு மணி நேரம் இருந்தது. விசாரித்துக்கொண்டு உன் தெருவுக்கு வந்தேன். ஆறே முக்கால் இருக்கும்.

தெரு முழுக்கக் கடைகள் திறந்திருக்கின்றன, ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. மாடியிலிருந்து உன் குரல் மட்டும் கேட்கிறது. ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாய், நடுவில் தப்பாகிவிட்டால், "சீ, மூதேவி" என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய். நீ மூதேவி என்னும்போதெல்லாம் கீழே தகரப் பெட்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"யம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கை முழுக்கச் சிவப்பு பெயிண்டோடு ஒருவர் ஓடிவந்து என் முன்னால் நின்றார். "எம்மா எம்மா, கத்தாத. மேல படிச்சிகினு இருக்காங்க. எதுவா இருந்தாலும் எட்டு மணிக்கு மேல வா."

நான் உன் மகள் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேலே அனுப்பியிருப்பார், நீ என் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பழைய இரும்புக் கடை ஓரமாக நின்று அரை மணி நேரம் நீ படிப்பதைக் கேட்டேன். பிறகு வண்டிக்குப் போய்விட்டேன். மலை ஏறும்வரை டிரைவர் முனியன் அண்ணன், "ஏன்மா அழுவுற, கேஸ் நல்லாதான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கலையரசி

---

கள்ளக்குறிச்சி
6.1.2026

அடி கலை,

நீயும் சுகமாக இரு, நானும் சுகம். நிஷாவைத் திட்டவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவள் மூச்சு முட்டுகிறது என்று கத்தினாள்.

ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாம் பாஸ். இலக்கணத்தில் ஐம்பத்திரண்டு. ரபீக் அதை மூன்று கடைக்குப் போய்ச் சொன்னார். பக்கீர் பாய் தெருவுக்கே மைசூர்பாகு வாங்கினார். உன் சித்தப்பாவுக்கு நானே போன் போட்டேன். மார்க்கைக் கேட்டுவிட்டு, "அடுத்த பரிச்ச எப்போ அண்ணி?" என்று கேட்டார்.

உன் கடிதத்தை ரபீக்கிடம் படித்துக் காட்டினேன். "அய்யோ, நர்சு பொடவ கட்டின பொண்ணு ஒண்ணு வந்துது, நான்தான் தொரத்திவுட்டேன்! உங்க பொண்ணாக்கா அது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர்மேல் எனக்கு வருத்தமே வரவில்லை, கலை. எத்தனையோ வாசலில் நம்மை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்காக இன்னொருத்தரை வாசலில் நிறுத்தி வைத்தது என் ஆயுசிலேயே இதுதான் முதல் தடவை. அது நீயாகப் போய்விட்டாய்.

பொங்கலுக்கு வா. எத்தனை மணியானாலும் சரி, கீழே நின்று தெருவே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிடு.

அம்மா,
கொளஞ்சியம்மாள்